ஹூ போடணுமா, ஹூம் போடணுமா? நம்ம ஊர்ப் பேச்சை வச்சே கண்டுபிடிக்கிற வழி

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீடுகளை எல்லாம் தங்குற விடுதியா மாத்த ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பிள்ளைங்க நிறைய பேரு டெஸ்க்ல உக்காந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் அடிக்கிறாங்க, முகப்புல இருந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் வீட்டைக் காட்டுறாங்க, ஆத்தங்குடில டைல்ஸ் போடுற எடத்துக்குக் கூட்டிட்டுப் போய் விளக்கம் சொல்றாங்க. பேச்செல்லாம் சரளமாத்தான் வருது. எழுதும்போது மட்டும் ஒரு எடத்துல கை நின்னுடும், இங்க ஹூ (who) போடணுமா ஹூம் (whom) போடணுமான்னு. சில பேரு எதுக்கு வம்புன்னு எல்லா எடத்துலயும் ஹூ போட்டுடுவாங்க. சில பேரு ஹூம் போட்டா படிச்ச மாதிரி இருக்குன்னு கண்ட எடத்துலயும் ஹூம் போடுவாங்க. இந்த ரெண்டாவது கூட்டத்துக்குத்தான் முக்கியமா இதை எழுதுறேன், ஏன்னா ஹூம் வர வேண்டிய எடத்துல ஹூ வந்தா முக்கால்வாசிப் பேருக்குக் கண்ணுலயே படாது, ஹூ வர வேண்டிய எடத்துல ஹூம் வந்தா படிக்கிறவங்க அங்கயே நின்னுடுவாங்க.

இலக்கணப் பேரு எதுவும் தெரியாட்டியும் பரவாயில்ல. தமிழ் பேசத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. மீதிப் பாதில தமிழே நம்மளை ஏமாத்தும், அது எங்கெங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும், அவ்வளவுதான்.

முதல் படி: தமிழ்ல கேட்டுப் பாருங்க

"யாரு வந்தாக?"ன்னு கேக்குற எடத்துல "யாரை வந்தாக?"ன்னு அஞ்சு வயசுப் பிள்ளை கூட கேக்காது. "ஆச்சி யாரைக் கூப்பிட்டாக?"ங்கிறதுல யாரைங்கிறதை எடுத்துட்டு வெறும் யாருன்னு போட்டுப் பாருங்க, தடுமாறும். ஐ, ஆல், கு, இன், அதுன்னு பள்ளிக்கூடத்துல வரிசையா ஒப்பிச்சோமே வேற்றுமை உருபு, அதுதான் இங்க வேலை செய்யுது. இங்கிலீஷ்ல இதே வித்தியாசத்துக்குத்தான் ஹூ, ஹூம்னு ரெண்டு வச்சிருக்கான். வெறும் யாருன்னா ஹூ. யாரு பின்னாடி ஏதாவது ஒட்டிக்கிட்டு வந்தா, யாரை, யார்கூட, யார்கிட்ட, யாரைப்பத்தி, யாருக்காக, அப்பல்லாம் ஹூம்.

"யாரு போன் பண்ணாக?" - "ஹூ கால்ட்?"
"யாரைக் கூப்பிட்டீங்க?" - "ஹூம் டிட் யூ கால்?"
"யாரு சமைச்சாக?" - "ஹூ குக்ட்?"
"யார்கூட வந்தீங்க?" - "வித் ஹூம் டிட் யூ கம்?"

நமக்குத் தமிழ்ல இவ்வளவு சுலபமா வர்றது இங்கிலீஷ்ல ஏன் குழப்புதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. "அண்ணன் ஆச்சியைக் கூப்பிட்டாக", "ஆச்சியை அண்ணன் கூப்பிட்டாக", நாம எப்படி மாத்திப் போட்டாலும் கூப்பிட்டது அண்ணன்தான், ஏன்னா அந்த "ஐ" ஆச்சி கூடவே போகுது. இங்கிலீஷ்ல பேருக்குப் பின்னாடி ஒட்டுறதுக்கு அப்படி எதுவும் இல்ல. யாரு செஞ்சா, யாருக்கு நடந்துச்சுங்கிறதை வார்த்தை நிக்கிற எடத்தை வச்சுத்தான் சொல்றான், வினைக்கு முன்னாடி நின்னா செஞ்சவரு, பின்னாடி நின்னா வாங்கிக்கிட்டவரு. ஆனா கேள்வின்னு வந்துட்டா கேள்விச் சொல்லை இழுத்துட்டு வந்து வாக்கியத்தோட தலையில வச்சுடுவான், அது செஞ்சவரா இருந்தாலும் சரி வாங்கிக்கிட்டவரா இருந்தாலும் சரி. எடத்தை வச்சுக் கண்டுபிடிக்கிற வழியும் போச்சா, அதனாலதான் இங்கிலீஷ்காரனே இந்த எடத்துல முழிக்கிறான், நாம முழிக்கிறதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது படி: பதிலைச் சொல்லிப் பாருங்க

பேருக்கு உருபு இல்லைன்னு சொன்னேன்ல, ஆனா ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் பழைய வடிவம் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஐ, மீ. ஹீ, ஹிம். ஷீ, ஹெர். வீ, அஸ். தே, தெம். அந்த வரிசையில கடைசியா நிக்கிறதுதான் ஹூ, ஹூம். ஹீ போடுறோமா ஹிம் போடுறோமாங்கிறதுல நம்ம பிள்ளைங்க யாரும் தப்பு பண்ணி நான் பாத்ததில்ல, "ஹிம் கேம்"னு யாரு சொல்லுவா. அதனால கேள்விக்கு ஒரு சின்னப் பதிலை இங்கிலீஷ்ல மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. பதில்ல ஹீ வந்தா கேள்வில ஹூ. பதில்ல ஹிம் வந்தா கேள்வில ஹூம். ஹிம், தெம், ஹூம், மூணும் "ம்"னு வாயை மூடித்தான் முடியுது, அதை ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

"___ டிட் யூ மீட் அட் தி டெம்பிள்?" பதில் சொல்லுங்க, "ஐ மெட் ஹிம்." ஹிம் வந்துச்சு, அப்ப ஹூம்.
"___ ஓப்பன்ட் தி டோர்?" "ஹீ ஓப்பன்ட் தி டோர்." அப்ப ஹூ.

பேச்சு ஒரு பொம்பளையைப் பத்தி இருந்தாலும் சோதனைக்கு மட்டும் ஹீ, ஹிம்மையே வச்சுக்கங்க. ஷீ, ஹெர் வச்சா அந்த "ம்" உதவி கிடைக்காது. ஆச்சியை ஹிம்னு சொல்றது மனசுக்குள்ளதானே, ஆச்சிக்குத் தெரியப் போறதில்ல.

"ஹூ ஆர் யூ?", "ஹூ இஸ் இட்?" மாதிரி இஸ், ஆர், வாஸ் வச்சு ஒருத்தர் யாருன்னு கேக்குற எடத்துல எப்பவும் ஹூதான். "ஹூம் ஆர் யூ?"ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

மூணாவது படி: தமிழ் ஏமாத்துற எடம்

முதல் படியை மட்டும் நம்பிப் போனா இங்கதான் வழுக்கும், அதனால இதைக் கொஞ்சம் நின்னு பாப்போம். யாரு கூட ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா ஹூம்னு சொன்னேன். அப்ப "யாருக்குத் தெரியும்?"ங்கிறதுக்கு என்ன? யாருக்குன்னு "கு" இருக்கு, கணக்குப்படி ஹூம் வரணும். ஆனா இங்கிலீஷ்ல "ஹூ நோஸ்?"தான். "ஹூம் நோஸ்?"னு எழுதுனா சிரிப்பாங்க.

ஏன்னா தமிழ்ல தெரியுறது, புரியுறது, பசிக்கிறது, வலிக்கிறது, பிடிக்கிறது, வேணும்ங்கிறது இதெல்லாம் ஒருத்தர் செய்யுற வேலையா நாம சொல்றதில்ல, ஒருத்தருக்கு வந்து சேர்ற விஷயமாத்தான் சொல்றோம். எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு வேணும். இங்கிலீஷ்காரன் இதையே அவரே செய்யுற மாதிரி சொல்றான், ஐ ஆம் ஹங்க்ரி, ஐ நோ, ஐ வான்ட். நம்ம "எனக்கு" அங்க போனதும் "ஐ" ஆயிடுது, நம்ம "யாருக்கு" அங்க போனதும் "ஹூ" ஆயிடுது.

"யாருக்குப் பசிக்குது?" - "ஹூ இஸ் ஹங்க்ரி?"
"யாருக்கு இன்னொரு வெள்ளைப் பணியாரம் வேணும்?" - "ஹூ வான்ட்ஸ் அனதர் வெள்ளைப் பணியாரம்?"
"யாருக்குப் புரியல?" - "ஹூ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்?"
"யாருக்குக் கல்யாணம்?" - "ஹூ இஸ் கெட்டிங் மேரீட்?"

"கு" மட்டும் இல்ல, "கிட்ட"வும் "ஆல"வும் இதே வேலையைச் செய்யும். "யார்கிட்ட சாவி இருக்கு?" - "ஹூ ஹேஸ் தி கீ?" "யாரால வர முடியும்?" - "ஹூ கேன் கம்?" இங்கயும் ஹூம் இல்ல. அதே சமயம் "யார்கிட்ட சாவியைக் குடுத்தீங்க?"ன்னு கேட்டா அது நெசமாவே இன்னொருத்தர் கைக்குப் போன சாவி, அங்க "டு ஹூம் டிட் யூ கிவ் தி கீ?" பாத்தீங்களா, ரெண்டுலயும் யார்கிட்டதான், சாவியும் அதேதான், ஒண்ணு ஹூ ஒண்ணு ஹூம்.

"பிடிக்கும்"தான் இருக்குறதுலயே மோசமான ஆளு. "உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"னா "ஹூம் டு யூ லைக்?" "யாருக்கு உங்களைப் பிடிக்கும்?"னா "ஹூ லைக்ஸ் யூ?" முதல்ல இருக்குற யாரை ஹூம் ஆச்சு, ரெண்டாவதுல இருக்குற யாருக்கு ஹூ ஆச்சு. ரெண்டுக்கும் பதிலைச் சொல்லிப் பாருங்க, "ஐ லைக் ஹிம்", "ஹீ லைக்ஸ் மீ", உடனே தெளிஞ்சுடும். இதுக்குத்தான் ரெண்டாவது படியைச் சொன்னது. தமிழ்க் கேள்வி வழியைக் காட்டும், முடிவு சொல்ல வேண்டியது இங்கிலீஷ் பதில். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா பதில் சொல்றதையே கேளுங்க.

இன்னொண்ணு, நம்ம "யாரோட". "யாரோட வந்தீங்க?"ன்னா வித் ஹூம். "இது யாரோட செருப்பு?"ன்னா ஹூஸ். சொல்லு ஒண்ணு, அங்க ரெண்டு. இந்த ஹூஸ் (whose) எழுதும்போது மேல அப்பாஸ்ட்ரஃபிங்கிற கொம்பு (who's) போட்டுடாதீங்க, கொம்பு போட்டா அது ஹூ இஸ்ங்கிறதோட சுருக்கம் ஆயிடும்.

இதுல ஒரு வேடிக்கை, கேட்டா ஆச்சரியமா இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்துன இங்கிலீஷ்ல யாரைங்கிறதுக்குத் தனியா ஒரு சொல்லு, யாருக்குங்கிறதுக்குத் தனியா ஒரு சொல்லு இருந்துச்சு. யாரைங்கிறதுக்கு ஹ்வோனே, யாருக்குங்கிறதுக்கு ஹ்வாம். போகப் போக ஹ்வோனே செத்துப் போச்சு, ஹ்வாம் ரெண்டு வேலையையும் எடுத்துக்கிட்டு இன்னைக்கு ஹூமா நிக்குது. அதாவது ஹூம்ங்கிறது பொறப்புல நம்ம நாலாம் வேற்றுமை.

நாலாவது படி: ரெண்டு வாக்கியத்தைக் கோக்குறப்ப

கேள்வில வர்ற ஹூம் கூட ஒரு வகையில சுலபம். நம்ம ஆளுங்க மெயில்ல தப்பு பண்றது பெரும்பாலும் நடு வாக்கியத்துல, "பிரான்ஸ்ல இருந்து வந்த கெஸ்ட்" மாதிரி எடத்துல. ஏன்னா இங்க தமிழ்ல யாருங்கிற சொல்லே வராது. "நேத்து வந்த கெஸ்ட்", "நேத்து நாங்க ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வந்த கெஸ்ட்". ரெண்டுலயும் "வந்த"ன்னு பெயரெச்சம் ஒண்ணைப் போட்டுட்டு நேரா கெஸ்டுக்குப் போயிடுறோம், அந்தக் கெஸ்ட் வந்தவரா கூட்டிட்டு வரப்பட்டவரான்னு காட்ட உருபு எதுவுமே இல்ல. அதனால முதல் படி இங்க கை குடுக்காது, தேடிப் பாத்தாலும் யாரையும் கிடைக்காது யாருக்கும் கிடைக்காது.

என்ன பண்ணணும்னா வாக்கியத்தை ரெண்டா ஒடைச்சுடுங்க. "கெஸ்ட் வந்தாரு" ஒண்ணு. "நாங்க அவரைக் கூட்டிட்டு வந்தோம்" இன்னொண்ணு. அவருன்னு வந்தா ஹூ, அவரைன்னு வந்தா ஹூம்.

"தி கெஸ்ட் ஹூ கேம் யெஸ்டர்டே."
"தி கெஸ்ட் ஹூம் வீ பிக்ட் அப் அட் தி ஸ்டேஷன்."

ஊர் சுத்திக் காட்டுற பிள்ளைங்களுக்கு உதவுற மாதிரி சிலதைச் சொல்றேன். 1939ல கம்பன் கழகத்தை ஆரம்பிச்சது சா. கணேசன், அவரு ஆரம்பிச்சாரு, அப்ப "சா. கணேசன், ஹூ ஃபவுண்டட் தி கம்பன் கழகம் இன் 1939". சிக்ரிங்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக 300 ஏக்கர் நெலத்தையும் 15 லட்ச ரூபாயையும் குடுத்தது அழகப்பச் செட்டியாரு, அப்ப "அழகப்பச் செட்டியார், ஹூ கேவ் 300 ஏக்கர்ஸ் அண்ட் 15 லேக் ருபீஸ்". அந்தக் கட்டடத்துக்கு 1948ல அடிக்கல் நாட்டுனது நேரு, அதுவும் "நேரு, ஹூ லெய்ட் தி ஃபவுண்டேஷன் ஸ்டோன்". இப்ப அதே அழகப்பரை வேற மாதிரி சொல்லிப் பாருங்க, காரைக்குடி அவரை மறக்கல: "அழகப்பச் செட்டியார், ஹூம் காரைக்குடி ஹேஸ் நாட் ஃபர்காட்டன்". ஆளு ஒருத்தருதான், மொத வாக்கியத்துல அவரு குடுத்தாரு, இதுல ஊரு அவரை நெனைச்சுக்கிட்டு இருக்கு. ஆளைப் பொறுத்து ஹூ ஹூம் மாறாது, அந்தத் துண்டு வாக்கியத்துக்குள்ள அவரு என்ன பண்றாருங்கிறதைப் பொறுத்துத்தான் மாறும். பெரிய மனுஷங்களுக்கு மரியாதையா ஹூம் போடணும்னு ஒரு நெனைப்பு சில பேருகிட்ட இருக்கு, அப்படி எதுவும் இல்லீங்க.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. கோடு போட்ட எடத்துக்கு அடுத்தாப்புல நேரா வினை வந்தா, கேம், கேவ், லிவ்ஸ், வில் மீட் இந்த மாதிரி, ஹூ. அடுத்தாப்புல இன்னொரு ஆளோ பேரோ வந்தா, வீ, ஐ, மை ஃபாதர், காரைக்குடி, அப்ப ஹூம். பத்துக்கு எட்டு தடவை சரியா வரும்னு வச்சுக்கங்களேன், மீதியைத்தான் அடுத்ததா சொல்லப் போறேன்.

ஹூம் வர்ற எடத்துல பயமா இருந்தா அதைத் தூக்கியே போட்டுடலாம், இது தப்பிக்கிற வழி மாதிரி தெரிஞ்சாலும் நல்ல இங்கிலீஷ்தான். "தி கெஸ்ட் வீ பிக்ட் அப் அட் தி ஸ்டேஷன்." ஒண்ணும் குறையல, இன்னும் சொல்லப் போனா இதுதான் இயல்பா இருக்கு. ஆனா ரெண்டு விஷயம். ஹூவை இப்படித் தூக்க முடியாது, "தி கெஸ்ட் கேம் யெஸ்டர்டே"ன்னா அது முழு வாக்கியமா வேற அர்த்தம் ஆயிடும். அப்புறம் கமா போட்டு எழுதுற எடத்துல, மேல அழகப்பருக்குப் போட்ட மாதிரி, அங்கயும் தூக்க முடியாது.

"ஐ திங்க்" நடுவுல பூந்துக்கிட்டா

ரொம்ப படிச்சவங்களே சறுக்குற எடம் இது. டெஸ்க்ல போன் எடுத்தா கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "யாரு பேசுறதா சொல்லட்டும்?" இதை "ஹூம் ஷால் ஐ சே இஸ் காலிங்?"னு சொல்றவங்க நிறைய. கேக்கப் பவ்யமா இருக்கு, ஆனா தப்பு. நடுவுல இருக்குற "ஷால் ஐ சே"யை எடுத்துட்டுப் பாருங்க, "___ இஸ் காலிங்?" ஹீ இஸ் காலிங். ஹூதான். "ஹூ ஷால் ஐ சே இஸ் காலிங்?"

ஐ திங்க், வீ பிலீவ், தே சே, யூ டோல்டு அஸ், இந்த மாதிரி நினைக்கிறேன், சொல்றாங்கங்கிற துண்டெல்லாம் வழியில வந்து உக்காந்திருக்கிற விருந்தாளி, எந்திரிச்சு நடுவுல நின்னா ஹூ-க்கும் அதோட வினைக்கும் நடுவுல மறைக்கும். அதை ஒரு விரலால மறைச்சுட்டு மீதியைப் படிங்க.

"தி மேசன் ___ தே சே இஸ் தி பெஸ்ட் இன் ஆத்தங்குடி". "தே சே"யை மறைங்க. "___ இஸ் தி பெஸ்ட்". ஹீ இஸ் தி பெஸ்ட். ஹூ. குறுக்கு வழில போயிருந்தா அடுத்தாப்புல "தே"ன்னு ஆளு வந்துட்டாங்கன்னு ஹூம் போட்டிருப்பீங்க.

"தி மேசன் ___ தே ப்ரெய்ஸ்". இங்க "தே ப்ரெய்ஸ்"ங்கிறதை எடுத்தா மிச்சமே இல்ல, அப்ப அது விருந்தாளி இல்ல, வீட்டு ஆளு. தே ப்ரெய்ஸ் ஹிம். ஹூம்.

முன்னாடி ஒட்டுற சொல்லு வந்தா

டு, வித், ஃபார், ஃப்ரம், ஆஃப், அபௌட், இதுங்க நேரா முன்னாடி வந்து நின்னா அடுத்தது ஹூம், யோசிக்கவே வேண்டாம். டு ஹூம், வித் ஹூம், ஃபார் ஹூம். ஆபீஸ்ல குடுக்குற சர்ட்டிபிகேட்டுல மேல "டு ஹூம் இட் மே கன்சர்ன்"னு இருக்குமே, அது இந்தக் கணக்குதான், சம்பந்தப்பட்டவருக்குன்னு.

அந்தச் சொல்லையே கடைசிக்குத் தள்ளிட்டா பேச்சு வழக்குல ஹூ போதும்: "ஹூ டிட் யூ கம் வித்?" இதைத் தப்புன்னு இப்ப யாரும் சொல்றதில்ல. முறையா எழுதணும்னா "வித் ஹூம் டிட் யூ கம்?" ரெண்டுல ஒண்ணு. ரெண்டு பக்கமும் போட்டுடக் கூடாது, "வித் ஹூம் டிட் யூ கம் வித்?"னு எழுதுறதை அடிக்கடி பாக்குறேன், முன்னாடி போட்டா பின்னாடி வேண்டாம்.

"அவங்கள்ல நிறைய பேரு", "அவங்க ரெண்டு பேரும்"ங்கிற மாதிரி வந்தா ஹூம் கட்டாயம், இங்க பேச்சு எழுத்துன்னு சலுகை கிடையாது. ஆத்தங்குடி டைல்ஸ் போடுறவங்களைப் பத்திச் சொல்லும்போது, கண்ணாடி மேல அச்சை வச்சு கலர் கலரா சிமெண்ட்டை ஊத்துறதைக் காட்டிட்டு, "தி ஒர்க்கர்ஸ், மேனி ஆஃப் ஹூம் லேர்ன்ட் திஸ் ஃப்ரம் தெயர் ஃபாதர்ஸ்". "மேனி ஆஃப் ஹூ"ன்னு வராது. "மேனி ஆஃப் தெம்"னு போட்டு கமாவால ஒட்டுறதும் சரியில்ல, தெம் போடணும்னா முன்னாடி புள்ளி வச்சுப் புது வாக்கியமா ஆரம்பிங்க. டைல்ஸைப் பத்தியே சொல்றீங்கன்னா "மேனி ஆஃப் விச்", ஹூவும் ஹூம்மும் ஆளுங்களுக்கு மட்டும்தான்.

ஹூஎவர், ஹூம்எவர் ரெண்டுக்கும் ஒரே வரில சொல்லிடுறேன். முன்னாடி டு இருக்கேன்னு பயந்து ஹூம்எவர் போடாதீங்க, அதுக்குப் பின்னாடி வர்ற வினை யாரோடதுன்னு பாருங்க. "கிவ் இட் டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்", ஹீ கம்ஸ் ஃபர்ஸ்ட், அதனால ஹூஎவர். "டேக் ஹூம்எவர் யூ லைக்", யூ லைக் ஹிம், அதனால ஹூம்எவர்.

பேசும்போது இவ்வளவும் வேணுமா

வேண்டாம். வளவுல நின்னு கெஸ்ட்கிட்ட பேசும்போது "ஹூ டிட் யூ மீட்?"னு கேளுங்க, அவங்களும் அப்படித்தான் பேசுவாங்க, ஹூம் போட்டீங்கன்னா கோர்ட்டுல நிக்கிற மாதிரி இருக்கும். 1921லயே எட்வர்ட் சபீர்னு ஒரு அமெரிக்க மொழியியல் அறிஞரு, இன்னும் ஒரு எரநூறு வருஷத்துக்குள்ள எவ்வளவு படிச்ச சட்ட மேதையும் "ஹூம் டிட் யூ சீ?"ன்னு கேக்க மாட்டாருன்னு எழுதிட்டாரு. பாதிக் கெடு தாண்டியாச்சு, பேச்சுல அவரு சொன்னது கிட்டத்தட்ட நடந்துடுச்சு, எழுத்துல இன்னும் இல்ல. அதனால என்னோட கணக்கு இது: பேச்சுல ஹூ. சாதாரண மெயில்ல டு, வித், ஆஃப் எல்லாம் முன்னாடி வந்தா மட்டும் ஹூம், மத்த எடத்துல முடிஞ்சா தூக்கிப் போட்டுடுங்க. வேலைக்கு அனுப்புற லெட்டர், காலேஜ் கட்டுரை, பரீட்சைன்னா எல்லா எடத்துலயும் முறைப்படி. எந்த எடத்துலயும் சந்தேகம் தீரலைன்னா ஹூ போடுங்க, அதுல வர்ற நஷ்டம் கம்மி.

ஒரு மெயிலைத் திருத்திப் பாப்போம்

போன வருஷம் வந்துட்டுப் போன ஒரு அம்மா திரும்ப வர்றாங்க, அவங்களுக்கு எழுதுற மெயில்னு வச்சுக்கங்க. கீழ படிக்கிறதுக்கு முன்னாடி ஆறு கோட்டையும் நீங்களே நிரப்பிப் பாருங்க.

"தி டிரைவர் ___ வில் மீட் யூ அட் காரைக்குடி ஜங்ஷன் நோஸ் தி ஹவுஸ். தி குக், ___ யூ மெட் லாஸ்ட் இயர், இஸ் ஸ்டில் வித் அஸ். ஷீ நவ் ஹேஸ் டூ ஹெல்ப்பர்ஸ், போத் ஆஃப் ___ ஸ்பீக் இங்கிலீஷ். தி கைடு ___ ஐ திங்க் யூ வில் லைக் இஸ் ஃப்ரீ ஆன் சண்டே. ப்ளீஸ் டெல் அஸ் ___ நீட்ஸ் வெஜிடேரியன் ஃபுட். ஆன் அரைவல், ஷோ திஸ் மெயில் டு ___ இஸ் அட் தி டெஸ்க்."

மொதல்ல இருக்குறது டிரைவர், ஹீ வில் மீட் யூ, ஹூ. ரெண்டாவது சமையல் செய்யுற அம்மா, யூ மெட் ஹெர், சோதனைக்கு ஹிம், அப்ப ஹூம், கமா இருக்குறதால தூக்கிப் போடவும் முடியாது. மூணாவது போத் ஆஃப், யோசிக்காம ஹூம்.

நாலாவதுல கவனம். ஐ திங்க் இருக்கு, மறைங்க. "___ யூ வில் லைக்". யூ வில் லைக் ஹிம். ஹூம் வருது. ஐ திங்க் வந்தாலே ஹூன்னு மனப்பாடம் பண்ணியிருந்தா மாட்டியிருப்பீங்க, மறைச்சதுக்கு அப்புறம் மிச்சம் இருக்குறதைப் பாத்துத்தான் முடிவு. மெயில்ங்கிறதால இங்க எதுவும் போடாமலும் விடலாம், "தி கைடு ஐ திங்க் யூ வில் லைக்".

அஞ்சாவது, தமிழ்ல "யாருக்கு சைவச் சாப்பாடு வேணும்", அந்தக் "கு" ஹூம் பக்கம் இழுக்கும், ஏமாந்துடாதீங்க. ஹீ நீட்ஸ் வெஜிடேரியன் ஃபுட். ஹூ.

கடைசில டு இருக்கு, ஆனா அந்த டு முழுத் துண்டுக்கும் சேத்துத்தான் வருது. டெஸ்க்ல இருக்குறவரு, ஹீ இஸ் அட் தி டெஸ்க். அங்க ஹூஎவர்.